ஜன்னலோரத் தகடு

அக்காவின் அறை ஜன்னலில் இருந்த தகடு உள்பக்கம் திரும்பியிருந்தது.

காலையில்தான் அவன் அதைத் தெருவைப் பார்க்க வைத்துவிட்டுப் போனான். முறத்தைப் போல வளைந்த சின்ன அலுமினியத் தகடு. வயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அதன் குழிவில் போனை வைத்தால்தான் இந்த மூலை அறையில் சிக்னல் எடுக்கும். "இது தானா எதையும் உண்டாக்காதுடா தம்பி. காத்துல இருக்கிறதை வாரிக் குடுக்கும், உன் பொண்டாட்டி ஊர்வம்பை வாருற மாதிரி" என்று படுத்த படுக்கையிலும் சிரிப்பாள் அக்கா.

அக்காவின் கடைசி நாளன்று கடையில் அவனுக்கு ஒரு வீடியோ கால். தூங்கிக்கொண்டிருந்தவளிடம் சொல்லாமல் தகட்டை எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது அவள் கட்டிலிலிருந்து விழுந்து, போனை இறுகப் பிடித்தபடி தரையில் சில்லிட்டுக் கிடந்தாள். அலறுவதற்கு முன்னால் அவன் தகட்டை அதன் இடத்தில் வைத்தான். "இந்த ரூம்ல எப்பவுமே சிக்னல் மோசம்" என்று வந்தவர்களிடம் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இன்று முதல் இது மகளின் அறை.

வெளியே மழை வலுத்திருந்தது. கழுவித் துடைத்த பிறகும் போகாத தைல வாடை ஈரச் சுவரின் வாடையோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, மழைச் சத்தத்துக்கு அடியில், தகட்டின் குழிவுக்குள்ளிருந்து, யாரோ நகத்தால் தரையைச் சுரண்டுவது போல ஓர் ஒலி வந்துகொண்டே இருந்தது. தகட்டைத் தெருப்பக்கம் திருப்பினான். நின்றது. விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

தகடு தரையைப் பார்த்திருந்தது. அவள் விழுந்த இடத்தை.

"வழி விடுங்கப்பா." மகள் உள்ளே வந்து போனைக் குழிவில் சாய்த்தாள். "அட, ஃபுல் சிக்னல்! இந்த ரூம்லயா?"

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். சிரிப்பு போய்விட்டது.

அவன் தகட்டைப் பறித்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவள் போனைப் பார்த்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"அப்பா... அத்தை பேசறாங்க."

"வை. போனை வை."

"தகட்டை எங்கடா கொண்டு போனேன்னு கேக்கறாங்கப்பா."

மகளுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு கை எழுந்தது. வெறும் ஜன்னல் விளிம்பை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மெல்ல மெல்லத் தடவித் தேடியது.