நான்கு மணிக்கு ஒன்பது பிணங்கள்!

ட்ர்ர்ரிங்...!

அரசு அச்சகத்தின் புரூஃப் அறையில் டெலிபோன் அலறியது.

சூப்பிரண்டு ரிசீவரை எடுத்தார். எடுத்தவர் எழுந்து நின்றார். டெலிபோனுக்கே எழுந்து நிற்கிற மனிதர். வீட்டில் மனைவி கூப்பிட்டாலும் அப்படித்தான் என்று கேள்வி... நமக்கெதற்கு அது!

"சரிங்க சார்... ஆறு மணிக்கு முன்னாடி மூச்சு விடமாட்டோம் சார்!"

ரிசீவரை வைத்தபோது நெற்றி முழுக்க வியர்வை.

"உள்துறைலேர்ந்து ஒரு தாள் வருது. விசேஷ கெஜட். ஆறு மணி வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. வாசல்ல துப்பாக்கியோட ஆள் நிக்குது!"

தேர்தல் முடிவு வந்து மூன்று நாள். முடிவை நம்பாதவர்கள் ஓட்டு எண்ணிய மண்டபத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பஸ் எரிந்திருந்தது. அரசாங்கம் செல்போன் சிக்னலை அணைத்துவிட்டு, ரேடியோவை மட்டும் விட்டுவைத்திருந்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு கணக்கு வாத்தியார். ஓட்டு எண்ணப் போனவர். போட்டதைவிட எண்ணியது அதிகம் என்று கையெழுத்துப் போட மறுத்தவர். அவர் மனைவிதான் இந்த அறையின் புரூஃப்ரீடர். எல்லோருக்கும் 'கமா அக்கா'.

தாள் வந்தது. டைப் ஆனது.

புரூஃப் பார்ப்பது இருவர் வேலை. ஒருவர் மூலத்தைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சில் சரிபார்ப்பார். படிக்கிறவருக்குப் பட்டப்பெயர் 'சங்கு'. குரல் அப்படி.

சங்கு ஊதினார்.

"இன்று பிற்பகல் நான்கு மணியளவில் கமா வன்முறைக் கும்பல் மண்டபத்துக்குத் தீ வைக்க முயன்றது முற்றுப்புள்ளி காவலர்கள் தற்காப்புக்காகச் சுட்டதில் முன்வரிசையில் இருந்த ஒன்பது பேர் உயிரிழந்தனர் முற்றுப்புள்ளி"

"'தற்காப்பு'ல ஒரு 'ப்' விட்டுப்போச்சு." அக்கா சிவப்பு மையில் போட்டாள்.

"அரசு கமா ஆழ்ந்த வருத்தம்..."

எழுத்தைப் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தொழிலுக்கே உள்ள வியாதி அது. 'மாண்புமிகு' வரைக்கும் போய்விட்டார்கள்!

திடீரென்று சிவப்புப் பேனா நின்றது.

"அண்ணே... முதல் வரியை மறுபடி படிங்க."

"இன்று பிற்பகல் நான்கு மணி..."

"இப்ப மணி என்ன?"

சங்கு சுவரைப் பார்த்தார். அந்தக் குரல் முதன்முறையாகத் தேய்ந்தது.

"பதினொண்ணு பத்து..."

"முன்வரிசைல எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்காருண்ணே!"

சூப்பிரண்டு கையைப் பிசைந்தார்.

"நாம பிழை பார்க்கறவங்கம்மா... நமக்கு எதுக்கு?"

"இதைவிடப் பெரிய பிழை எங்க சார் இருக்கு?"

பன்னிரண்டு மணிக்குத் தினசரி கெஜட் வேன் புறப்படும். அதை மட்டும் வாசலில் தடுக்க மாட்டார்கள். டெண்டர், இடமாற்றம், இத்யாதி. ரேடியோ நிலையத்துக்கும் ஒரு பிரதி போகும். அக்காவின் கையெழுத்து இருந்தால் மெஷின்காரர் எதையும் அச்சடிப்பார். படிக்கத் தெரிந்தவர்தான்... படித்தால் தலைவலி வருமாம்!

'ஆறு மணிக்குப் பின் வெளியிடுக' என்று குத்தியிருந்த சீட்டை அக்கா கிழித்தெடுத்தாள். தாளின் மேல் எழுதினாள்... 'அச்சிடலாம்'. கையெழுத்து. இடமாற்றப் பட்டியலுக்கு மேலே செருகினாள்.

"வேலை போயிடும்மா!" சங்கு கிசுகிசுத்தார்.

"ஆளு போறதுக்கு வேலை போகட்டும்ண்ணே."

ஒரு மணிச் செய்தி. ரேடியோ அறிவிப்பாளருக்கும் அதே வியாதி. அரசு முத்திரையைப் பார்த்தார், படித்தார்.

"...ஒன்பது பேர் உயிரிழந்தனர்."

மண்டபத்தின் முன்னால் யாருடைய டிரான்சிஸ்டரோ அதைச் சொன்னது. கூட்டம் உறைந்தது. கணக்கு வாத்தியார் எழுந்து முன்வரிசையை எண்ணினார். ஆள் குறையவில்லை!

எதிரே துப்பாக்கி பிடித்திருந்த காவலர் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"ஏன்யா... நாம எப்பய்யா சுட்டோம்?"

"நாலு மணிக்காம்."

"ஒண்ணுதானேய்யா ஆகுது!"

இரண்டு... மூன்று... கூட்டம் இரட்டிப்பானது. எல்லார் கண்ணும் கடிகாரத்தில்.

நான்கு!

ஒரு துப்பாக்கியும் நிமிரவில்லை. ஊருக்கே நேரம் சொல்லிவிட்டுச் சுட எந்த அதிகாரிக்குக் கை வரும்?

ஐந்து மணிக்கு பூட்ஸ் சத்தம் புரூஃப் அறைக்குள் வந்தது.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது." அக்கா எழுந்தாள்.

"பொய்ச் செய்தி பரப்பினதுக்கு உங்களைக் கைது பண்றேன்!"

"பண்ணுங்க சார். பொய்யை எழுதினவர் கையெழுத்தும் கீழயே இருக்கு. உள்துறைச் செயலாளர். அவரை எத்தனாவது குற்றவாளியா போடுவீங்க?"

விலங்கு பாதி வழியில் நின்றது.

போலீஸ் அதிகாரியின் வயர்லெஸ் கரகரத்தது. கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. விலங்கை பெல்ட்டில் திரும்ப மாட்டினார்.

"திருத்தம் போடணுமாம். 'ஒன்பது பேர் உயிரிழந்தனர்' என்பதை 'எவரும் உயிரிழக்கவில்லை' எனத் திருத்திப் படிக்கவும். காரணம்... அச்சுப்பிழை." குரலைத் தாழ்த்தினார். "பழி உங்க மேலதாம்மா. விசாரணை இருக்கு. ஊரை விட்டுப் போயிடாதீங்க!"

சூப்பிரண்டு நாற்காலியில் சரிந்தார்.

கமா அக்கா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"என் தப்புதான் சார், தாராளமா எழுதிக்குங்க! அப்படியே அந்தத் தேர்தல் முடிவையும் அனுப்பச் சொல்லுங்க... கையோட அதையும் திருத்திக் குடுத்துடறேன்!"