என்டர் தட்டாத வரி

போன் அலறியது!

ஜெயந்தினி பாய்ந்து எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. வாரம் முழுக்க அவள் காத்திருப்பது இந்த ஒரு அழைப்புக்காகத்தான்.

"தங்கச்சி... தர்ஷன் பேசுறேன். சாப்பிட்டியா?"

சாப்பிட்டியா!

நான்கு மாதமாக அவளிடம் அதைக் கேட்க வேறு ஆளில்லை.

வெளியே டயகம தேயிலைத் தோட்டத்தில் மழை. லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அவள் மட்டும். வாரநாளில் அவள் படிப்பிக்கும் முன்பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் சுவர்தான் துணை.

புருஷன் அழகன், தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெக்கானிக். கொழுந்து உருட்டும் மூன்றாம் நம்பர் ரோலர் மெஷினின் பெல்ட்டில் சிக்கி...

முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

'பெல்ட் மூடியை அழகன்தான் கழற்றியிருக்கிறான். கவனக்குறைவு.' விசாரணையில் அப்படிச் சாட்சி சொன்னது பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் தர்ஷன். அன்றைக்குத் தான் காலையிலிருந்தே கண்டியில் இருந்ததாகவும், அழகனோடு பேசவே இல்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அவளுக்குப் போன் எடுத்துப் பேசுவதும் அதே தர்ஷன்தான்.

"அண்ணே... அவரு லெப்டொப்ப இன்னைக்குத் தெறந்தேன். படமெல்லாம் பார்க்கலாம்னு. படமே வரல. கறுப்பு ஸ்கிரீன்ல வெறும் எழுத்து. பாஸ்வேர்ட் கேட்டுச்சு... என் பேர அடிச்சேன். உள்ள போயிருச்சு."



"அ... அது ஒண்ணுமில்ல. டிஸ்க்கு நெறஞ்சிருக்கும். குப்பைய அழிச்சா சரியாப் போயிரும். நான் சொல்றத அப்படியே அடி. ஆர்... எம்... ஒரு இடம் விடு..."

எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவளும் தட்டினாள்.

rm -rf roller3

"அடிச்சிட்டேண்ணே."

"என்டர தட்டு!"

விரல் போனது...

நின்றது.

அக்கரப்பத்தனையில் கம்ப்யூட்டரும் போட்டோகொப்பியுமாகக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ரினோஸா, போன வாரம்தான் கடைக் கம்ப்யூட்டரின் கறுப்பு ஸ்கிரீனில் முதல் பாடம் சொல்லித் தந்திருந்தாள்.

"டீச்சர், கறுப்பு ஸ்கிரீனுக்குப் பயப்படாதீங்க. ஆனா அர்த்தம் தெரியாத வரிக்கு என்டர் தட்டிராதீங்க, யார் சொன்னாலும்! rmனா அழிக்கிறது. பின்னாடி -rf சேர்த்தா 'அழிக்கவா'ன்னு ஒரு வார்த்தை கேக்காது. குப்பைத்தொட்டியும் இல்ல... போனா போனதுதான். அழிக்க முந்தி ls அடிச்சு, உள்ள என்னா இருக்குன்னு பாருங்க. ls -l அடிச்சா தேதியும் நேரமும் காட்டும். பார்க்குறதால ஒண்ணும் கெடாது."

"தங்கச்சி... தட்டிட்டியா?"

"பொறுங்கண்ணே... ஒரு எழுத்து தப்பாப் போச்சு."

அந்த வரியின் எழுத்தையெல்லாம் அழித்தாள். புதிதாக அடித்தாள்.

ls -l roller3

என்டர்!

total என்று ஒன்று, அதன் கீழே ஆறு வரிகள் விழுந்தன. ஆறும் படங்கள். cover_illa_1, cover_illa_2...

மூன்றாம் ரோலர். மூடி இல்லை!

தானே கழற்றியவன் அதைப் படம் பிடிப்பானா?

தேதியைப் பார்த்தாள். ஜூன் 19. அழகன் செத்த நாள்.

நேரம்... மாலை 4.10.

அழகன் செத்தது ஐந்து மணிக்கு!

 இந்தக் கோப்புறை இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். அதற்குப் பெயர் வைத்து, படம் போட்டபின் அழகன் ஒரு மணி நேரம்கூட உயிரோடு இல்லை. கண்டியில் இருந்த மனுஷனுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது?

"தங்கச்சி!"

ஒரு கணம்... ஒரே ஒரு கணம், தெரியாதது போல் அழித்துவிடலாமா என்று தோன்றியது. அடுத்த ஞாயிறும் போன் அடிக்கும். சாப்பிட்டியா என்று யாராவது கேட்பார்கள்.

கண்ணை மூடித் திறந்தாள்.

"அழிஞ்சிருச்சுண்ணே," என்றாள்.

"எல்லாம்?"

"ஒண்ணும் மிச்சமில்ல."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"அண்ணே... அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பேரு?"

"roller3. நான் சொல்லலையே. அன்னைக்கு நாலு பத்துக்குத்தானே அவரு அதுல படத்த போட்டாரு. அதுக்கப்புறம் நீங்க அவர பார்த்திருக்கீங்க!"



சிரிப்பு... தர்ஷன்தான்!

"கெட்டிக்காரி! ஆனா லேட்டு. ஆமா, நான் கண்டிக்குப் போகல. பெல்ட் மூடிய கழட்டி ஓட்டச் சொன்னது நான்தான்... பெல்ட் நழுவுனா டக்குனு மாட்டி ஓட்டலாம்னு. அவன் லெப்டொப்புல roller3ங்குற பேர என் மூஞ்சிக்கு நேரா காட்டி, 'ஹெட் ஆபீசுக்கு அனுப்பப் போறேன் சார்'ங்குறான். இன்னும் ஒரு படம் வேணும்னு நின்ன பெல்ட்டுப் பக்கம் குனிஞ்சான்... மெயின் சுவிட்ச போட்டுட்டேன். ஒரே விநாடி! போய்ச் சொல்லு. என்னா காட்டுவ? ஒன் கையாலயே அழிச்சிட்டியே!"

அவளுக்கு அழுகை வரவில்லை. 

"நான் ஒண்ணும் அழிக்கலண்ணே."

"என்னா?!"

"இன்னொண்ணு... அவரு போனப்புறம் தேடுனேன். அவரு கொரல் ஒரு எடத்துலயும் இல்ல. ஒரு சின்னப் பேச்சுகூட. அதுல இருந்து இந்த போனுக்கு வர்ற எல்லாப் பேச்சும் தானா பதிவாகுற மாதிரி வச்சிருக்கேன். ஒங்க பேச்சத்தான் ராவுல திருப்பித் திருப்பிப் போட்டு கேப்பேன். தனியா இருக்கமாதிரி தெரியாது."

டொக்! இணைப்பு அறுந்தது.

அவள் கதவைத் தாழிட்டுவிட்டுப் பொலிசுக்கு அடித்தாள்.

தர்ஷனின் ஜீப் லயத்து வளைவில் திரும்பியபோது பொலிஸ் ஜீப் குறுக்கே நின்றது.

அடுத்த ஞாயிறு. மணி மூன்று. போன் அடிக்கவில்லை.

மூன்று ஐந்து. அடிக்கவே இல்லை.

காம்பரா முழுக்க மழைச் சத்தம். மூன்று பத்துக்கு அவளே ஒரு நம்பரை அழுத்தினாள்.

"ரினோஸா... சாப்பிட்டீங்களா? ரெண்டாவது பாடம் எப்போ?"

"யா அல்லாஹ்! மொதப் பாடத்துலயே ஒருத்தர உள்ள தள்ளிட்டீங்க டீச்சர்... ரெண்டாவது பாடம் முடிஞ்சா தோட்டத்துல கொழுந்து நிறுக்க ஆள் மிஞ்சணுமே!"