வெட்டப்பட்ட முதல் வரி

பட்டினப்பாக்கம் நகர்மாடத்தில் வீடுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாலுக்கு நாலு சட்டத்தில் பதினைந்து பெட்டிகள், ஒரு காலியிடம். கடற்காற்று கேட்கும் வீட்டை அந்தக் காலியிடம் வழியாக நகர்த்திக் கொண்டுபோவது ‘தீர்வி’ என்ற கணிப்பொறி. பெட்டிகளில் ஒன்று மட்டும் வீடல்ல, கட்டுப்பாட்டு அறை. அதற்குள் எழினி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீர்வியை உருவாக்கியவள் அவள். விருது வாங்கியவர் நகர்மாடத்தின் இயக்குநர் மாசிலாமணி. அதைக்கூட மன்னித்திருப்பாள். தான் எழுதிய முதல் வரியை அவர் வெட்டியதுதான் ஆறவில்லை. ‘இது முடியுமா?’ என்று தீர்வி தன்னையே கேட்டுக்கொள்ளும் வரி அது. முடியாதென்றால் நின்றுவிடும்.

"எண்வில்லைப் பலகைய வச்சு எத்தன சோதன பண்ணோம்! ஒரு தடவயாவது முடியாதுன்னு வந்துச்சா? தண்டத்துக்கு எதுக்கும்மா அது?" என்றார் அன்று.

எப்படி வரும்? அந்த விளையாட்டுப் பலகைகளெல்லாம், ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்ட வில்லைகள் வரிசையாக இருந்ததை நகர்த்திக் கலைத்தவை. வந்த வழியே திரும்பினால் சேர்ந்துவிடும். இரண்டு வில்லைகளை மட்டும் பிடுங்கி இடம் மாற்றி வைத்தால் ஆயுளுக்கும் சேராது.

இன்று மாசிலாமணி போட்ட உத்தரவு அதுவேதான். தன் வீடும் பக்கத்து வீடும் இடம் மாறவேண்டும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். துரைக்குக் கடல் பார்த்த வீடு கேட்கிறது! குடியிருப்பவர்களைக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து, பஜ்ஜி கொடுத்து, தான் மட்டும் தன் வீட்டுப் பால்கனியில் நின்று கையசைத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்போது தடுக்க எழினிக்கென்ன தலையெழுத்தா? பொத்தானை அழுத்தினாள்.

பஜ்ஜி தீர்ந்தது. பெட்டிகள் நிற்கவில்லை. தொலைபேசி அலறியது.

"என்னம்மா ஆச்சு? தல சுத்துது. நிறுத்தித் தொலை!"

"நடுவுல நிறுத்த முடியாது சார். நகர்ற வரைக்கும் எந்தக் கதவும் திறக்காது. முடியாதுன்னு அதுவே சொன்னாத்தான் நிக்கும். அந்த வரியத்தான் நீங்க வெட்டிட்டீங்களே?"

மூன்று வருடமாக நாக்கில் வைத்திருந்த பதில். சொல்லி முடித்ததும் வயிறு குளிர்ந்தது.

மறுமுனையில் மாசிலாமணி மெல்லக் கேட்டார்.

"சரி, நீ எங்கேர்ந்து பேசற?"

எழினி ஜன்னலைப் பார்த்தாள். காலையில் அங்கே தெரிந்த வேப்பமரத்தைக் காணோம். வஞ்சம் கண்ணை மறைத்ததில், தன் அறையும் இத்தனை நேரம் நகர்ந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. எழுந்து ஓடிக் கதவை இழுத்தாள். அது திறக்கவில்லை. கதவுக்கான விதியை எழுதியவளும் அவளேதான்.

தரை குலுங்கியது. பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. சுவரைத் தட்டும் சத்தம், கூடவே மாசிலாமணியின் குரல்.

"எழினி, உள்ளதான் இருக்கியா?"