ஐந்நூறாவது ஆள்

குளியலறையில் இரண்டாவது துண்டு ஈரமாக இருந்தது.

டெரெக் அதைத் தொட்டான், கையை எடுத்தான், மறுபடி தொட்டான். மனைவி கொரின் இறந்து ஐந்து மாதமாக அந்தத் துண்டு அதே மடிப்போடு கம்பியில் கிடந்தது. எடுத்துத் துவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பான், செய்யமாட்டான். இப்போது அது உதறிப் போட்டதுபோல நீளமாகத் தொங்கியது. அதன் முனையிலிருந்து சொட்டு தரையில் விழும் சத்தமும், தெருவில் யாரோ காய்ந்த இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தின் இரைச்சலும், இரண்டுக்கும் அடியில் மண்ணெண்ணெயும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசனையும் அந்தச் செவ்வாய் மாலை அவனைச் சூழ்ந்து நின்றன. குழாய் ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். குழாய்க்கும் துண்டுக்கும் நாலடி தூரம். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

அவனுக்கு முப்பத்தொரு வயது. பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை. அடுத்த திங்கட்கிழமை டுலூத் நகரில் இருக்கும் அக்காவிடம் போய்விடுவதாக இருந்தான். அங்கே வேலை கிடைத்திருந்தது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. இந்த வீட்டில் அவனால் தூங்க முடியவில்லை. கட்டிலின் இடது பாதி கொரினுடையது. வலது பாதியின் விளிம்பில் ஒடுங்கி, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். போய்விட்டால் தூங்கலாம். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் முன்பு, ஞாயிறன்று, எதிர்வீட்டு டோலரஸ் பிகெட் வந்திருந்தாள். அவர்கள் குடியிருந்த டில்மன் க்ரோவுக்கு முப்பது வருடமாக அவள்தான் ஊர் எழுத்தர். ஒரு கையில் அடுப்பில் சுட்ட சூரைமீன் காஸரோல், மறு கையில் ஒரு படிவம்.

"சூடு பண்ணிச் சாப்பிடு கண்ணு. போன தடவை குடுத்ததை நாய்க்குப் போட்டிருப்ப."

"எங்கிட்ட நாய் இல்லையே, மிஸஸ் பிகெட்."

"அப்போ குப்பைத்தொட்டி தின்னிருக்கும். பரவாயில்ல. இதுல ஒரு கையெழுத்து."

கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போகும் தலைக்கணக்கு. ஒரே கேள்வி: இந்த முகவரியில் வசிப்போர் எத்தனை பேர்? பென்சிலால் 2 என்று அவளே எழுதி வைத்திருந்தாள்.

"அவ செத்துட்டா."

"தெரியும் கண்ணு, நான்தானே பூ வாங்கிட்டு வந்தேன். ஐந்நூறு பேர் இருந்தாத்தான் நாம தனி ஊரு. இப்ப நானூத்தித் தொண்ணூத்தொம்பது. ஒரு ஆள் குறைஞ்சாலும் பக்கத்து ஊரு லாங்ஃபீல்ட்காரன் நம்மள முழுங்கிருவான். அதுவுமில்லாம, நம்ம ஊரு பொறந்ததே இப்படித்தானே?"

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில், உருளைக்கிழங்கு வயலில் ஒரே அச்சில் வார்த்த நூற்றிருபது வீடுகள் எழும்பியபோது, குடிவந்தவர்கள் நானூற்று எண்பத்தொன்பது பேர். பதினொருவர் குறைந்தார்கள். வயலின் மூலையில் டில்மன் குடும்பத்தின் பழைய கல்லறைகள் பதினொன்று இருந்தன. அன்றைய எழுத்தர், டோலரஸின் மாமனார், அவர்களையும் எண்ணிச் சேர்த்துவிட்டார். அனுமதி வந்ததும் கற்களைப் பிடுங்கிவிட்டு அங்கே நீச்சல்குளம் கட்டினார்கள். சுதந்திர தினமான ஒவ்வொரு ஜூலை நான்காம் தேதியும் யாராவது பீர் டப்பாவை உயர்த்தி, குளத்தடியில் இருப்பவர்களின் நலத்துக்கு என்பார்கள். கூட்டம் சிரிக்கும். கொரின் சிரித்ததில்லை.

"அப்புறம் அந்தப் பதினொரு பேரு?" என்று கேட்டான்.

"புள்ளைங்க பொறந்துச்சு, ஊர் நிறைஞ்சுச்சு. அடுத்த கணக்குல அவங்கள வெட்டி விட்டாச்சு. பாவம், இருக்க ஒரு வீடுகூடக் குடுக்கல." சிரித்தபடி பேனாவை நீட்டினாள்.

வாதாடுவதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபம். போட்டான்.

செவ்வாயன்று துண்டு. புதன்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் அவன் எதிரே இருந்த நாற்காலி ஒருவர் உட்காரும் அளவுக்கு வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அவன் பயப்படவில்லை. வெட்கப்படத்தக்க ஒரு நம்பிக்கைதான் வந்தது. அன்று மாலை சீக்கிரமே வீடு திரும்பி, ஹாலில் நின்று, "கொரின்?" என்று மெல்லக் கூப்பிட்டான். மாடியில் பலகை ஒன்று முனகியது. பிறகு இன்னொன்று. யாரோ எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொள்வதுபோல.

குளியலறைத் தொட்டியில் ஒரு முடி ஒட்டியிருந்தது. முழ நீளம், மங்கிய வெள்ளை. கொரினின் முடி கறுப்பு, காதோடு வெட்டியது. மிதியடியில் ஒரு பாதத்தின் சுவடு, ஈரமும் மண்ணுமாக. விரல்களோடு சேர்த்து அவன் கை நீளம்கூட இல்லை. கொரினின் பாதம் அவன் பாதத்தின் அளவு இருக்கும்.

வியாழன் மாலை தெருவைக் கடந்துபோய் டோலரஸின் கதவைத் தட்டினான்.

"அந்தப் படிவத்தத் திருப்பிக் குடுங்க. ஒண்ணுன்னு மாத்தணும்."

"திங்கட்கிழமையே அனுப்பியாச்சு கண்ணு. சரியா ஐந்நூறு." கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். "அது கிடக்கட்டும், வந்திருக்கிறது யாரு, உங்க அத்தையா? மத்தியானம் உன் படுக்கையறை ஜன்னல்ல நின்னாங்க. கையாட்டினேன். வயசாச்சு போல. கையத் தூக்கினாங்க, அப்புறம் அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னாங்க."

டெரெக் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். படிவம் பெயர் கேட்கவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் கேட்டது. இன்னொருவருக்கு இடம் இருக்கிறது என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். யாருக்கு என்று எழுதவில்லை. குளத்தடியில் வீடில்லாதவர்கள் பதினொரு பேர்.

நவம்பர். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. இப்போதே கிளம்பிவிடலாம், பெட்டியும் கார் சாவியும் படுக்கையறையில்தான் இருக்கின்றன, இரண்டு நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டபடி படியேறினான். ஒவ்வொரு படிக்கும் மண்ணெண்ணெய் வாசனை கூடியது, சுவர்க்காகிதம் விரல்களில் பிசுபிசுத்தது.

பெட்டி திறந்து கிடந்தது. காலி. அவன் சட்டைகள் அலமாரியில் தொங்கின. பொத்தான்கள் கழுத்துவரை போடப்பட்டிருந்தன.

சாவி கட்டிலுக்கு அப்பால். ஜன்னல் ஓரத்தில்.

இடது பாதியில் ஒருத்தி படுத்திருந்தாள்.

சிறிய உடம்பு, முழ நீள வெள்ளை முடி. கொரினின் நீல ஸ்வெட்டர். மார்பின்மேல் கைகள், விரல்கள் பின்னி. நகங்களுக்குள் மண். கண்கள் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சு இல்லை.

அவன் நின்றான். ஓடலாம். கதவு பின்னால்தான் இருந்தது. கால்கள் கனத்தன. ஐந்து மாதக் கனம்.

அவள் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பிரித்தாள். வலது பாதியின் போர்வையைத் தூக்கிப் பிடித்தாள். காத்திருந்தாள்.

அவன் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். படுத்தான்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மெதுவாக. பிறகு வாய்வரை. அது ஈரமாக இருந்தது. மண்ணைப்போலக் கனமாக. பிறகு கண்வரை.

தூக்கம் வந்தது. அவன் கைகள் தாமாக மார்பின்மேல் ஏறின. விரல்கள் பின்னிக்கொண்டன.