வெள்ளை பூத்த பவுடர்

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பேராசிரியர் சிங்காரவேலு தரையில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் போன். திரையில் 'மாப்பிள்ளை'. அவர் கண்களில்... உயிரில்லை!

பூதலூர் தாண்டி, சம்பா வயல்களுக்கு நடுவே ஒரு சோடியம் பேட்டரி ஆய்வுக்கூடம். இன்ஸ்பெக்டர் குந்தவை உள்ளே நுழைந்ததுமே ஆராய்ச்சியாளர் புகழேந்தி ஓவென்று அழுதான்.

"நான்தாங்க மேடம் கொன்னுட்டேன்!"

குந்தவை நின்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"அந்த ஆர்கான் சிலிண்டரை... நேத்து சாயங்காலம் மூட மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். விடிய விடிய கேஸ் நிறைஞ்சிருக்கு. காத்தைத் தள்ளிட்டு அது உட்கார்ந்துக்கும். வாசனையே இருக்காது. சார் மூச்சு முட்டியே... ஐயோ!"

"கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான். இப்பதான். திறந்ததும் உங்களுக்குப் போன் பண்ணினேன். சாவி சார்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

"அழாதீங்க. அஜாக்கிரதைக்குத் தூக்கா போடப் போறாங்க? சரி, ஆர்கான் இங்க எதுக்கு?"

அழுகை நின்றது. தொழில் பேச்சு வந்தது.

"பேட்டரிக்குள்ள வைக்கிற கேத்தோடு பவுடருக்கு மேடம். என் உழைப்பு! மை மாதிரி கறுப்பா இருக்கும். ஆனா ரோஷக்காரப் பவுடர். நம்ம ஊரு ஈரக்காத்து பட்டா ஒரே ராத்திரியில வெள்ளை பூத்து வீணாயிடும். ஆர்கானுக்குள்ள இருந்தா வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்."

குந்தவை குனிந்தாள். பிணத்தின் கையருகே ஒரு கண்ணாடித் தட்டு.

"இந்தப் பவுடர்தானே? நேத்து நீங்க கிளம்பறப்ப எப்படி இருந்துச்சு?"

"கறுகறுன்னு. சார் வெளியே எடுத்துப் பார்த்துட்டிருந்தார்."

"இப்பப் பாருங்க."

பார்த்தான்.

பவுடரின் மேல் உப்புப் பொரிந்த மாதிரி... வெள்ளை!

"விடிய விடிய ஆர்கான் இருந்திருந்தா இது ஏன் பூத்துச்சு? ராத்திரி பூரா இங்க நல்ல காத்துதான் இருந்திருக்கு. காலையில வந்து சிலிண்டரைத் திறந்து விட்டிருக்கீங்க. அப்ப... சார் எப்படிச் செத்தார், புகழேந்தி?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பேட்டன்ட்ல என் பேரை எடுத்துட்டு மாப்பிள்ளை பேரைப் போட்டுட்டார் மேடம். நேத்து சாயங்காலம் நாற்காலி குஷனை எடுத்து மூஞ்சில... கையை எடுத்தப்ப மூச்சு இல்ல. காலைப் பிடிச்சுக் கெஞ்சிப் பார்த்தேன். எழுந்திருக்கல." முகத்தைப் பொத்திக்கொண்டான். "யார்கிட்டயாவது சொல்லாம இருக்க முடியல. அதான் பாதியைச் சொன்னேன். கொன்னுட்டேன்னு சொன்னது பொய்யில்ல மேடம்..."

குந்தவை விலங்கை எடுத்தாள்.

"கவலைப்படாதீங்க புகழேந்தி. உங்களையும் வெளிக்காத்து படாம வருஷக்கணக்கா பத்திரமா வச்சுக்குவோம்!"