சென்னியப்பன் அளவு

அந்த வைகாசியில் கோயம்புத்தூரில் நான்கு கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. முகூர்த்த நாட்களுக்குக் குறைவில்லை. வாசலில் மாட்டியிருந்த தாள்தான் காரணம். பெண் வீட்டார் வந்து நின்று, அந்த மூன்றடி அகலத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். தூண்களில் சிவப்பு தெரிந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்கள்.

மெய்த்தாள் என்று அதற்குப் பெயர். அதை அச்சிடும் இயந்திரம் மெய்வரைவி. கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் டிபன் பாக்ஸ் அளவுள்ள கதிரேற்பிகளை ஒன்பது நாள் வைக்க வேண்டும். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் நுண்துகள்கள் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வரும்போது உள்ளே புதைந்த கம்பிகளின் நிழலையும் கொண்டு வரும். பத்தாம் நாள் மெய்வரைவி அரசாங்கப் பதிவிலிருந்து அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைத் தானே எடுத்து, நிழலையும் படத்தையும் ஒப்பிட்டு அச்சிடும். படத்தில் இருப்பது கட்டடத்திலும் இருந்தால் கறுப்பு. இல்லையென்றால் சிவப்பு. இடையில் யாரும் கைவைக்க முடியாது. மெய்த்தாள் தொங்காத கட்டடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு கட்டுமான நிறுவனமும் ஆடி முடிவதற்குள் சொந்தமாக ஒரு மெய்வரைவி வாங்கியாக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

கட்டுகிறவர்கள் கலங்கிப் போனார்கள். அவர்கள் எப்போதும் இரண்டு வரைபடம் வைத்துக்கொண்டு தொழில் செய்தவர்கள். ஒன்று அனுமதிக்கு, மற்றொன்று சைட்டுக்கு. முதலாவது ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டாவதில் சிமெண்டுக் கையும் டீக்கறையும் படியும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. ஆகவே சங்கம் கூடி, ஒருவரும் மெய்வரைவி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. யாருமே வாங்காவிட்டால் சட்டம் தானாகச் செத்துப்போகும் என்பது அவர்கள் கணக்கு.

மெய்வரைவியை அந்த மண்டலத்தில் விற்கும் உரிமை டாடாபாத் 'சென்னியப்பன் அண்ட் சன்' நிறுவனத்திடம் இருந்தது. அந்த 'சன்' திருமூர்த்தி. வயது அறுபத்து நான்கு. சட்டைக் காலர் கசங்கி அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய தந்தை சென்னியப்பன், அம்மோனியா வாடை அடிக்கும் நீலப்பட அச்சு இயந்திரம் தொடங்கி, பேனா பிளாட்டர், மைத்தெளிப்பு பிளாட்டர் என்று வரைபடம் போடும் இயந்திரங்களை ஊரில் உள்ள கட்டடக் கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் விற்றவர். கடைப் பலகையில் தன் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: 'படத்தில் உள்ளது கட்டடத்தில் இருக்கும்.' அந்த மூன்று மாடிக் கட்டடமும் அவர் நின்று கட்டியதுதான்.

மெய்வரைவியைக் கட்டடக் கலைஞர்கள் சிலர் வாங்கினார்கள். முதலில் வாங்கியவர் நஸீமா. அவர் மை வாங்க வந்திருந்த ஒரு முற்பகலில் கட்டுநர் சங்கத் தலைவர் தேவராஜ் உள்ளே வந்தார்.

"ஏனுங்ணா, மெஷின் நல்ல மெஷின்தான். குறை சொல்ல வரல. அந்தச் சிவப்பு மை டேங்க்கை மட்டும் அடைச்சுக் குடுத்துருங்க. முந்நூறு மெஷினுக்கு இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"சிவப்பு இல்லாட்டி அது வெறும் பிளாட்டர், தேவராஜு. அதை எங்கப்பா காலத்துலயே வித்தாச்சு."

"வெறும் பிளாட்டரே போதுங்ணா எங்களுக்கு."

நஸீமா சிரித்தார். "அவரோட அப்பார்ட்மென்ட் எல்லாம் பிரிண்ட் எடுத்தா தக்காளி சாதம் மாதிரி வரும். அந்தப் பயம் சாருக்கு."

"நீங்க படம் போடறவங்க, மேடம். பேப்பர்ல கம்பி கட்டறதுக்குக் கை வலிக்காது." தேவராஜ் திருமூர்த்தியிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்ணா. இந்த ஊர்ல முழுக் கறுப்பா வர்ற கட்டடம் ஒண்ணு இருக்குதா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. சங்கத்துல அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டு வாங்கறோம்."

"காட்டறேன்" என்றார் திருமூர்த்தி. "இப்ப நீ உட்கார்ந்திருக்கியே, அந்தக் கட்டடம்."

அவர் வீம்புக்காகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிப்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

மகள் மிருதுளா கட்டமைப்புப் பொறியாளர். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு அவளுடையது. கதிரேற்பிகளை மூலைகளில் வைத்துவிட்டு வந்தவள் அப்பாவின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பத்தாம் நாள் காலையில ஒரு தடவை நாம மட்டும் பிரிண்ட் எடுத்துப் பார்த்துக்கலாம்ப்பா. மத்தியானம் சங்கத்துக்காரங்க வரட்டும்."

"எதுக்கு?"

"சும்மாதான். மெஷின் சரியா ஓடுதான்னு."

"மெஷினைப் பாக்கறியா, தாத்தாவைப் பாக்கறியா?"

மிருதுளா கையிலிருந்த கதிரேற்பிப் பட்டியலை மேசையில் வைத்தாள்.

"அவர் கட்டின கூரைக்குக் கீழ உட்கார்ந்துக்கிட்டு, கதவைச் சாத்திட்டு அவரைச் சோதிச்சுப் பாக்கற அளவுக்கு நம்ம குடும்பம் இன்னும் தாழ்ந்து போகல. முதல் தாள் சபையிலதான் வரும். எப்பவும் அப்படித்தான்."

உண்மைதான். எந்த இயந்திரம் வந்தாலும் அதில் முதல் தாளாகத் தன் கட்டடத்தின் வரைபடத்தை வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அச்சிட்டுக் காட்டுவது சென்னியப்பன் வைத்த வழக்கம். அந்த இயந்திரங்களெல்லாம் கொடுத்த படத்தை அப்படியே வரைந்தன.

பத்தாம் நாள் தரைத்தளத்தில் இருநூறு பேர் திரண்டிருந்தார்கள். மெய்வரைவிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. சுவரில் சென்னியப்பனின் படம். கீழே முதல் வரிசையில் தேவராஜ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். திருமூர்த்தியே பொத்தானை அழுத்தினார்.

தாள் மெல்ல இறங்கியது. முதலில் அடித்தளம். அழுத்தமான கறுப்பு. யாரோ கைதட்டினார்கள். நஸீமா பின்னாலிருந்து, "தேவராஜ் சார், பேனா கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். சபை சிரித்தது.

பிறகு தரைத்தளத் தூண்கள். முதல் தூணின் சதுரம் விழுந்தது. உள்ளே கம்பிகளுக்கான புள்ளிகள். மூலைகளில் நான்கும் கறுப்பு. பக்கங்களில் இரண்டு கறுப்பு, இரண்டு சிவப்பு. அடுத்த தூணும் அப்படியே. அதற்கடுத்ததும். பதினாறு தூண்களையும் மெய்வரைவி வரிசையாக, அவசரப்படாமல் அச்சிட்டு முடித்தது. ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

இயந்திரத்தின் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

தேவராஜ் எழுந்து திருமூர்த்தியிடம் வந்தார். முகத்தில் கேலி இல்லை. தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணா, மெஷின் தப்புன்னு சொல்லிருங்க. விக்கறவர் நீங்களே சொன்னா வேற பேச்சு இல்ல. நாங்க இருநூறு பேரும் ஆமான்னு சொல்றோம். அய்யா பேரும் நிக்கும், எங்க பொழப்பும் நிக்கும்."

திருமூர்த்தி மகளைப் பார்த்தார். "மெஷின் தப்பா இருக்குமா?"

"இருக்காதுப்பா."

ஒரே ஒரு பொய். அப்பாவின் பெயர் அப்படியே இருக்கும். இந்த மெய்வரைவி மட்டும் செத்துப்போகும், இனிவரும் கட்டடங்களின் தூண்களுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். திருமூர்த்தி சுவரிலிருந்த படத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பலகையில் எழுதியிருந்த வரி தந்தையுடையது என்றால், அதைக் காப்பாற்ற வேண்டியது மகன்தான் என்று அவருக்குத் தோன்றியது. எழுதியவரே மீறியிருந்தாலும்.

அவர் மைக்கை வாங்கினார்.

"மெய்வரைவி தப்புப் பண்ணாது. எட்டுக் கம்பி போடறேன்னு எழுதிக் குடுத்துட்டு ஆறு போட்டிருக்காங்க. அப்படிப் போட்டவர் எங்கப்பா சென்னியப்பன். இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு, தலைகுனிவு வந்து விழட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

தலைகுனிவு வரவில்லை. இருநூறு பேர் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். தேவராஜ் திருமூர்த்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"சென்னியப்பனய்யாவே ஆறுதான் போட்டிருக்கார்! அப்ப நாங்கெல்லாம் எந்த மூலைக்குங்ணா? இத்தனை வருஷமா நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு இறக்கி வெச்சுட்டீங்க!"

அன்று சாயங்காலத்துக்குள் இருநூற்றெழுபது மெய்வரைவிகளுக்கு ஆர்டர் வந்தது. சிவப்பு டேங்க்கை அடைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மிருதுளா பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "தூண் எழுப்பின அதே மாசத்துலதான் தாத்தா முதல் பெரிய பிளாட்டர் வாங்கியிருக்கார்" என்றாள். திருமூர்த்தி விளக்கை அணைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தன. சங்கம் ஒரு மனு கொடுத்தது. டாடாபாத்துக் கட்டடம் நாற்பத்தொரு ஆண்டுகளாக ஒரு விரிசலும் இல்லாமல் நிற்கிறது. ஆகவே அதில் உள்ள குறைவு பாதுகாப்பானது என்று மெய்வரைவியே நிரூபித்திருக்கிறது என்றது மனு. வல்லுநர் குழு வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தது. டீ குடித்தது. அந்தக் கட்டடத்தில் உள்ள அளவுவரை கம்பி குறைந்தால் விலகலாகக் கருத வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது.

மிருதுளா எதிர்த்து எட்டுப் பக்கம் எழுதிக் கொண்டு போனாள். நிலம் அசையாத ஊரில் ஒரு கட்டடம் நின்றது என்பது சான்றாகாது. நாளைக்கு நிலம் அசைந்தால் அது இவ்வளவு நாள் நின்றதைப் பார்க்காது என்று வாதாடினாள். குழுவின் தலைவர் கனிவாகச் சிரித்தார்.

"உங்க தாத்தாவைப் பெருமையாத்தானேம்மா சொல்றோம்? நீங்களே வேண்டாம்னா எப்படி?"

விதிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'சென்னியப்பன் அளவு' என்று அரசிதழில் வெளியாயிற்று. பேச்சுவழக்கில் அது இன்னும் சுருங்கியது: எட்டுக்கு இரண்டு கம்பி குறைந்தால் ஒரு சென்னியப்பன். சைட்டில் மேஸ்திரிகள், "இந்தத் தூணுக்கு ஒரு சென்னியப்பன் விடலாம், கம்பியை எடு" என்றார்கள். 'முக்கால் சென்னியப்பனுக்கு மேல் போகமாட்டோம்' என்று தேவராஜ் விளம்பரம் செய்தார். வீடு வாங்க வந்தவர்கள், "அரை சென்னியப்பன்னா கொஞ்சம் குறைச்சுத் தருவீங்களா?" என்று பேரம் பேசினார்கள். அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருந்தது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. திருமூர்த்தி பேருந்தில் போவதை நிறுத்தினார். பிறகு காய்கறிக் கடைக்குப் போவதையும் நிறுத்தினார்.

தைப்பூசத்துக்கு முன்னால் எல்லா மெய்வரைவிகளுக்கும் புதிய செயல்நிரல் வந்தது. ஒரு சென்னியப்பனுக்குள் உள்ள குறைவை அது கறுப்பாகவே அச்சிடும். விதிப்படி டாடாபாத்துக் கட்டடத்துக்கும் புதிய மெய்த்தாள் எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. தாள் இறங்கியது. அடித்தளம் கறுப்பு. பதினாறு தூண்களும் கறுப்பு. எட்டுக்கு எட்டுக் கம்பி.

பொள்ளாச்சியிலிருந்து தங்கை தெய்வானை வந்திருந்தாள். எட்டு மாதமாக அண்ணனோடு பேசாதவள். வாசலில் நின்று தாளை முழுவதும் படித்துவிட்டு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"ஒரு புள்ளி சிவப்பு இல்ல. அப்பா சுத்தமானவர்னு மெஷினே சொல்லுது. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அவர் பேரைக் கெடுத்தது யாருங்ணா? நீங்கதானே?"

"அது பழைய மெஷின், தெய்வானை. இது..."

"மெஷின் தப்புப் பண்ணாதுன்னு சொன்னதும் நீங்கதான்."

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

திருமூர்த்தி மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே, வரைபடத்தைக் கையால் சரிபார்த்த காலத்துச் சிவப்புப் பென்சில் ஒன்று கிடந்தது. அதைச் சீவினார். வாசலுக்குப் போய், தெருவில் போகிறவர்கள் பார்க்க, தூணுக்கு இரண்டு புள்ளி வீதம் முப்பத்திரண்டு கறுப்புப் புள்ளிகளைச் சுற்றியும் சிவப்பு வட்டமிட்டார். கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. மெய்த்தாளில் உண்மைக்கு மாறாகத் திருத்தம் செய்து பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கிய குற்றம். அந்தச் சட்டம் வந்த நாள்முதல் அதன்கீழ் யார் மீதும் வழக்குப் பதிவாகியிருக்கவில்லை. திருமூர்த்திதான் முதல் ஆள்.

தேவராஜ் தொலைபேசியில் வந்தார். "கவலைப்படாதீங்ணா, நான் பேசிக்கறேன். வயசானவர், அப்பா மேல ஏதோ கோவம்னு எழுதிக் குடுத்துரலாம். கறைபடாத தாள் ஒண்ணை மட்டும் மாட்டிருங்க."

"எனக்கு அப்பா மேல கோவம்னு எழுதாதே" என்றார் திருமூர்த்தி. "வேற என்ன வேணாலும் எழுதிக்கோ."

பழைய தாளை அதிகாரி கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்காட்சிக்கூடத்து மெய்வரைவியில் புதிய தாள் போடுவதற்காக மிருதுளா மூடியைத் திறந்து மைக்குழாய்களைச் சரிபார்த்தாள். கறுப்பு, நிறைய இருந்தது. சிவப்புக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊர் முழுவதும் ஒரு சென்னியப்பனுக்குள் கட்டக் கற்றுக்கொண்டு மாதங்களாகியிருந்தன. பயன்படாமல் கிடந்த மை இறுகி, முனையை அடைத்துக்கொண்டிருந்தது.

"சிவப்பு அடைச்சுக்கிச்சுப்பா. மாத்தணுமா?"

தேவராஜ் அன்று கேட்டதும் இதைத்தான். அன்று திருமூர்த்தி கொடுக்கவில்லை.

அவள் குழாயைத் திரும்பச் செருகி மூடியைச் சாத்தியதும், அவர் பதில் சொல்வதற்குள், சிவப்பு மை கேட்காமலேயே, தாள் முழுக் கறுப்பாக இறங்கத் தொடங்கியிருந்தது.