ஆற்றில் விழுந்த பெயர்

கணவாயைத் தாண்டி இறங்கி, முதுகுச் சுமையை ஆற்றங்கரைச் சரளையில் போட்டபோது கயுத்தக்குக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. மைத்துனன் உவினிக் ரப்பர் படகை விரித்துக் காற்றடிக்கத் தொடங்கினான். நடுச்சாமத்திலும் சூரியன் மலை விளிம்பிலேயே நின்றது. இந்தத் துருவக் கோடையில் அது மறையப்போவதில்லை.

போன கோடையில் இந்த ஆறுதான் கயுத்தக்கின் மனைவியைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. இந்த முறை தேடியும் கிடைக்கவில்லை. இனி ஊருக்குக் கொண்டுபோக அவள் பெயர் மட்டும்தான் மிச்சம்.

உவினிக்குக்குப் பெண் பிறந்திருந்தது. அவர்கள் வழக்கத்தில், இறந்தவளின் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைத்தால் அவளே வீடு திரும்பியதாக அர்த்தம். கணவன்தான் முதலில் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்ன இடத்திலேயே அவள் எழுந்துவிடுவாள்.

"பொறந்ததுலேருந்து ஒரே அழுகையாம் அத்தான். போன்லயே காது கிழியுது. பேருக்காகத்தான் அழுவுதுன்னு அம்மா சொல்றாங்க."

"ம்."

"பேர் வெச்சதும் எனக்கு அக்கா, உங்களுக்குப் பொண்டாட்டி. உங்க பொண்டாட்டி என் மடியில மூத்திரம் போகப்போறா, பார்த்துக்கிட்டே இருங்க."

கயுத்தக்குக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வெகு நாளைக்குப் பிறகு உதடு லேசாக அசைந்தது.

பகலா இரவா என்று தெரியாமல் துடுப்புப் போட்டார்கள். ஒரு வளைவில் கரையேறினார்கள். ஈர வில்லோ புதர் இலைகளின் வாசம். கொசுக்களின் ரீங்காரம். கயுத்தக் படுத்தபடியே கண்ணை மூடினான். பக்கத்தில் யாரோ அடுப்பு மூட்டும் சத்தம்.

"அக்பிக், டீ வெச்சியா?"

மனைவியின் பெயர் பழக்கத்தில் வந்துவிட்டது.

அடுப்புச் சத்தம் நின்றது.

கொசுக்களின் ரீங்காரமும் நின்றது.

"அத்தான்," உவினிக் கிசுகிசுத்தான். "என்ன சொன்னீங்க?"

"தூக்கத்துல வந்துடுச்சுடா."

"எங்க அக்கா போன வளைவு இது."

அதன்பிறகு உவினிக் ஒரு கேலியும் பேசவில்லை. படகைத் தள்ளியபோது அது தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்தது.

"கல்லு ஏதாச்சும் ஏத்துனீங்களா?"

"இல்ல."

இருவரும் பின்னால் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் குளிர்ந்த சேற்றின் வாசம் ஊர் வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டில் குழந்தை முகம் நீலம் பாரிக்க அழுதுகொண்டிருந்தது. பாலைத் தொடவில்லையாம். உவினிக்கின் மனைவி கண்கள் வீங்கிப்போய், "சீக்கிரம் சொல்லுங்கண்ணா. இதுக்கு மேல தாங்காது" என்றாள்.

கயுத்தக் மண்டியிட்டான். பிள்ளையின் சூடான காதோரம் வாயை வைத்தான்.

"அக்பிக்."

அழுகை நிற்கவில்லை.

"அக்பிக்... வீட்டுக்கு வந்துட்டம்மா."

நிற்கவில்லை.

கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டான். "அக்பிக்!"

"என்ன?"

கதவுக்கு வெளியிலிருந்து வந்தது அந்தக் குரல். நெடுந்தூரம் நடந்து வந்தவளின் அலுப்பு அதில் இருந்தது.

கயுத்தக் எழுந்தான். அவனுக்கு முன்னால் உவினிக் பாய்ந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"அவ எங்க அக்கா இல்ல அத்தான்," என்றான் அழுதபடி. "எங்க அக்கான்னா இந்நேரம் பிள்ளை சிரிச்சிருக்கும்."

அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்ல நனையத் தொடங்கியது.